நீங்க சுமந்த என் சத்தியம்

ஏனுங்க… ஒரு தடவை கூப்பிட்டாலே கைவேலையைப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்கற என் ஊட்டுக்காரருக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்கறதுக்கே கூச்சமா இருக்குதுங்க. கல்லறையில படுத்திருக்கறவரை என்னன்னு விசாரிக்கறது? கேக்காம இருக்கவும் முடியல. நீங்க போயி நாலு மாசம் ஆச்சு.

இந்தக் கடுதாசி நம்ம சபைப் பத்திரிகையில வரப்போவுது. போதகர் ஐயாதான், "மனசுல இருக்கறதை எழுதிக் குடுங்கம்மா, போடறேன்"னாரு. பக்கம் ரொப்ப ஆள் கெடைக்கலையோன்னு முதல்ல எனக்கு ஒரு சந்தேகம். அப்புறம் யோசிச்சேன். நான் சத்தியம் பண்ணுனப்போ எஸ்டேட் லைன் ஊடு அத்தனைக்கும் கேட்டுச்சு. அது என்ன ஆச்சுங்கறதும் அத்தனை பேருக்கும் தெரியட்டுமே.

இங்க சேதி என்னன்னா, பங்குனி மழை ஒண்ணு நல்லாக் கொட்டுச்சு. கொட்டச்சேடு ரோட்டுல ரெண்டு பக்கமும் காப்பி பூத்துக் கெடக்குது, வாசம் தலைவலிக்கற அளவுக்கு. பழம் தோல் உரிக்கற பல்ப்பர் ஊட்டுக்குப் புது மேஸ்திரி வந்துட்டாரு. தை மாசம் பூரா அவரு மெஷின் ஓட்டுன சத்தத்தைக் கேட்டா எண்ணெயே விடலையோன்னு தோணுச்சு. நீங்க நின்ன எடத்துல அவரு நிக்கறதைப் பாக்க எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியாததா? எனக்குப் பால்காரர் மேலயும் சந்தேகம், பஸ் கண்டக்டர் மேலயும் சந்தேகம். உங்களைக் கட்டிக்கிட்டு மலையேறி வந்த புதுசுல, ஞானஸ்நானத் தண்ணியில என்ன கலந்திருக்குதுன்னு கேட்டவ நான். "குப்பனூர்க்காரி தலையில பாதி சந்தேகம், மீதி மொளகாப்பொடி"ம்பீங்க. ஞானஸ்நானம் வாங்குனேன், கோயிலுக்கு வந்தேன், பாட்டுப் பாடுனேன். ஆனா செத்தவரு மூணாம் நாள் எந்திரிச்சாருங்கற எடம் வரும்போது மட்டும் வாய் பாடும், மனசு சும்மா இருக்கும். அதையும் நீங்க கண்டுபுடிச்சிருப்பீங்க, கேட்டதில்லை.

உங்க மேலயும் சந்தேகப்பட்டேன். இப்ப எதுக்கு மறைக்கோணும்? கடைசி ஒரு வருசமா உங்களுக்கு மாசம் ஒரு பழுப்புக் கவர் வந்துச்சு. தபால்ல வேதபாடம் படிக்கறேன்னீங்க. யூதருங்க பண்டிகையும் பொருத்தனையும்னீங்க. நாம வேண்டுதல், சத்தியம்னு சொல்றதை வேதத்துல பொருத்தனைங்கறாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா பல்ப்பர் ஊட்டு மேஸ்திரிக்கு யூதர் பண்டிகை எதுக்குங்க? ஒரு நாள் கவரைத் திருப்பிப் பாத்தேன். அனுப்புனது 'சகோதரி' யாரோ. முத்து முத்தான கையெழுத்து. அடுப்புல கொழம்பு தீயற வாசம்கூட எனக்குத் தெரியல.

"யாருங்க இந்தச் சகோதரி?"ன்னேன்.

"பாடம் திருத்தறவங்க, புள்ள."

"திருத்தறதுக்கு அங்க ஒரு ஆம்பளைகூடவா இல்ல?"

நீங்க அதைத் தகரப் பொட்டியில வெச்சுப் பூட்டுனீங்க. பூட்டு எதுக்குங்க? பூட்டுன பொட்டியைப் பாத்துட்டு எந்தப் பொண்டாட்டி சும்மா இருப்பா?

பொட்டியில என்ன இருந்துச்சுன்னு சொல்றதுக்கு முந்தி, படிக்கறவங்களுக்கு நம்ம ஊட்டுச் சங்கதியைச் சொல்லோணும். உங்களுக்குத் தெரிஞ்சதுதான், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

நம்ம ரோசி, நமக்கு இருக்கற ஒரே பொண்ணு, நாலு வருசத்துக்கு முன்னால கரடியூர் மாதேசனோட போயி தாலி கட்டிக்கிட்டா. அவங்க காலங்காலமா மலையில சாமையும் பலாவும் வெளைய வெக்கறவங்க, அவங்களுக்குச் சாமி வேற, சடங்கு வேற. நாலாம் நாள் ரெண்டு பேரும் நம்ம வாசல்ல வந்து நின்னாங்க. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. நெஞ்சுச் சளிக்குத் தேங்காயெண்ணெயில போட வெச்சிருந்த கற்பூரத்தை எடுத்தாந்து, வாசப்படியில கொளுத்தி, உள்ளங்கையால அடிச்சு அணைச்சேன். "நான் உசுரோட இருக்கற வரைக்கும் இவ இந்தப் படி மிதிக்கக் கூடாது. மிதிச்சா இவ வயிறு வெளங்காது"ன்னு கத்துனேன். சொவத்துல வேதவசனக் காலண்டர் தொங்குது, நான் எங்கம்மா ஊர் வழக்கப்படி கற்பூரம் அடிக்கறேன். பெத்த வயித்தைச் சபிச்ச வாய் இதுங்க.

நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. ஒரு வார்த்தை பேசல.

அடுத்த வருசமே அவளுக்குக் கரு கலைஞ்சுச்சுன்னு சந்தையில சொன்னாங்க. அதுக்கடுத்து இன்னொண்ணு. அன்னைக்கு மல்லித்தழைக் கட்டோட பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துட்டேன். லைன்ல எல்லாரும் என்னைக் கல்நெஞ்சுக்காரின்னாங்க. கல்நெஞ்சு இல்லீங்க, பயம். படி மிதிக்காமலே இந்தக் கதின்னா, மிதிச்சா என்ன ஆவும்? அவளை உள்ள விடாததுக்குக் காரணம் கோவம்னு நீங்களும் நெனச்சீங்களா? கோவம் ஆறு மாசத்துல போயிருச்சு. பயம்தான் போவல.

மார்கழியில, பல்ப்பர் ஊட்டுல நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தீங்க. எஸ்டேட் ஜீப் பாதி ரோடு எறங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. உங்களை ஊட்டுல கெடத்தியிருந்தப்போ ரோசி வரல. கல்லறைத் தோட்டத்துக்கு வந்தா. சில்வர் ஓக் மரத்தடியில தனியா நின்னுக்கிட்டு வாயில முந்தானையை வெச்சு அழுதா. எம் பொண்ணு அழுவறதைப் பாத்துக்கிட்டே நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

நீங்க போயி மூணாவது வாரம் கவர் வந்துச்சு. அதே முத்துக் கையெழுத்து. செத்தவருக்கே கடுதாசி போடறாளா இவன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிழிச்சேன். உள்ள, நீங்க கார்த்திகையில எழுதி அனுப்புன பரீட்சைத் தாள். மோசே சட்டத்துல பொருத்தனைங்கற பாடம். அதுல எழுதியிருந்ததை ரெண்டு தடவை படிச்சேனுங்க.

ஒரு பொம்பளை ஆத்திரத்துல ஏதாச்சும் சத்தியம் பண்ணிட்டா, அதைக் கேட்ட புருசன் அன்னைக்கே 'இது செல்லாது'ன்னு சொல்லிட்டா செல்லாதாம். தேவன் அவளை மன்னிச்சுருவாராம். கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தா, சத்தியம் நெலச்சுருமாம். நாள் கழிச்சு வந்து செல்லாதுன்னு சொன்னா, அந்தக் குத்தத்தைப் புருசன்தான் சுமக்கோணுமாம். எப்பவோ ஒரு காலத்துல, பாலைவனத்துல கூடாரம் போட்டுக்கிட்டு இருந்தவங்களுக்குச் சொன்ன சட்டம், நம்ம லைன் ஊட்டு வாசல்ல நடந்ததை நேர்ல பாத்து எழுதுன மாதிரி இருந்துச்சு.

'இந்தப் பாடத்தில் நீர் அறிந்துகொண்டது என்ன?'ன்னு கேட்டிருந்தாங்க. நீங்க உங்க கோணக் கையெழுத்துல எழுதியிருந்தீங்க: "என் சம்சாரம் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணினபோது பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் அவளும் பொண்ணும் பிழைத்திருப்பார்கள். இன்றைக்குச் சொல்கிறேன், அந்தச் சத்தியம் செல்லாது. லேட்டாகச் சொன்ன குற்றம் என் மேல் வரட்டும். அவள் மேல் வேண்டாம்."

அதுக்குக் கீழ செவப்பு மையில அந்தச் சகோதரி ஒரே வரி எழுதியிருந்தாங்க. "அண்ணா, இதை அவர்களிடம் சொன்னீர்களா?"

சொல்லலீங்களே! ஏன் சொல்லல? என் வாய்க்குப் பயந்தீங்களா? யாரோ முன்னப்பின்ன தெரியாத பொம்பளைகிட்ட எழுதத் தெரிஞ்சுது, ஒரே தட்டுல சோறு போட்டுச் சாப்புட்ட என்கிட்டச் சொல்லத் தெரியலையா? அழுதுக்கிட்டே உங்களைத் திட்டுனேன். பக்கத்து ஊட்டுக்காரி ஓடி வந்துட்டா, யாரோட சண்டைன்னு.

அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க, ஒரு கெட்ட சந்தேகம். கார்த்திகையில எழுதறீங்க, குத்தம் எம் மேல வரட்டும்னு. மார்கழியில போயிட்டீங்க. அதனாலதான் போனீங்களா? நான் அடிச்ச கற்பூரம் உங்க நெஞ்சுல போயிச் சுட்டுச்சா? இதை யாருகிட்டக் கேக்கறது? போதகர் ஐயாகிட்டக் கேட்டா, "அப்படியெல்லாம் நெனைக்காதீங்கம்மா"ம்பாரு. நெனைக்காதேன்னா நின்னுருமா?

ஒரு மாசம் அந்தத் தாளைப் பாக்கவே இல்ல. அப்புறம் உங்க சட்டைப் பையில இருந்த சாவியை எடுத்துப் பொட்டியைத் தொறந்தேன். எல்லாம் பாடம்தாங்க. நான் நெனச்சது ஒண்ணும் இல்ல. அந்தச் சகோதரி எல்லாத் தாள்லயும் உங்களை அண்ணான்னுதான் எழுதியிருக்காங்க. நான் அவங்களைப் பத்தி மனசுக்குள்ள பேசுன பேச்சை இங்க எழுதுனா பத்திரிகையில போட மாட்டாங்க.

உக்காந்து ஒவ்வொண்ணாப் படிச்சேன். ஒண்ணு கேளுங்க, அந்த யூதப் பொம்பளைங்களை எனக்குப் புடிச்சுப் போச்சு. பஸ்கா பண்டிகைக்கு முந்தி ஊட்டுல புளிச்ச மாவு ஒரு துளிகூட இருக்கக் கூடாதுன்னு, வெளக்கை வெச்சுக்கிட்டு மூலை முடுக்கெல்லாம் தேடுவாங்களாம். சந்தேகப்படறதுக்குன்னே ஒரு பண்டிகை! நான் அங்க பொறந்திருந்தா பேரு வாங்கியிருப்பேன். அந்தப் புத்தியோடதான் மத்தப் பாடத்தையும் படிச்சேன். எங்க பொய் இருக்குதுன்னு வெளக்கு வெச்சுத் தேடிக்கிட்டே.

பஸ்கா பந்தியில, சாவறதுக்கு முந்தின ராத்திரி, ஆண்டவரு ஒரு பொருத்தனை மாதிரி சொன்னாராம். தேவனோட ராஜ்ஜியம் வர்ற வரைக்கும் இனி திராட்சைரசத்தைத் தொட மாட்டேன்னு. சிலுவையில அறையறதுக்கு முந்தி வலி மரத்துப் போறதுக்குக் குடுத்த ரசத்தையும் வேண்டாம்னுட்டாராம். நீங்க அதுக்குக் கீழ பென்சில்ல கோடு போட்டிருந்தீங்க. நானும் அங்கதான் நின்னேன். நாளைக்குச் சாவப் போறோம்னு தெரிஞ்ச ஆளு, அடுத்த பந்தியைப் பத்திப் பேசுவாரா? திரும்பி வந்து எலையில உக்காருவோம்னு உறுதியாத் தெரிஞ்சவருதான் அப்படி விரதம் இருப்பாரு. நானும்தான் சத்தியம் பண்ணுனேன், ஒருத்தரும் உள்ள வரக் கூடாதுன்னு. அவரு பண்ணுனது எல்லாரும் திரும்ப ஒண்ணா உக்கார்றதுக்கு. எனக்கு வெக்கமா இருந்துச்சு.

அந்த மூணாம் நாள் அவரு கல்லறைக்கு முதல்ல போனது பொம்பளைங்க. அந்தக் காலத்து யூதர் கோர்ட்ல பொம்பளை சாட்சி எடுபடாதுன்னு பாடத்துல இருக்குது. அவங்க ஓடி வந்து கல்லறை காலின்னு சொன்னதை ஆம்பளைங்க ஒளறல்னு தள்ளிட்டாங்களாம். இங்கதாங்க என் சந்தேகத்துக்கே ஒரு சந்தேகம் வந்துச்சு. கதை கட்டறவன் எடுபடாத சாட்சியை எதுக்கு நிறுத்தறான்? நானா இருந்தா ரெண்டு பெரிய மனுசங்களை நிறுத்தியிருப்பேன். பொய் சொல்றதுல எனக்கு அனுபவம் இருக்குது, அதனால சொல்றேன், பொய் சொல்றவங்க இப்படிச் சொல்ல மாட்டாங்க.

கடைசிப் பாடம், செவப்பு மைத் தாளோட கூடவே வந்தது, நீங்க பாக்காதது. முதல் கதிர்ப் பண்டிகை. பஸ்கா வாரத்துல ஓய்வுநாள் முடிஞ்ச மறுநாள், வயல்ல அறுத்த முதல் கதிர்க்கட்டை ஆசாரியன் தேவனுக்கு முன்னால தூக்கி அசைக்கோணும். தேவன் அதை ஏத்துக்கிட்டாத்தான் மீதி வெள்ளாமை செல்லுபடி ஆகும். அது வரைக்கும் புதுத் தானியத்துல ரொட்டி கூடாது, வறுத்தும் திங்கக் கூடாது. கல்லறை காலியாக் கெடந்தது அந்த நாள்லதானாம்.

அது எனக்கு ஒடனே வெளங்கிருச்சு, எப்படின்னு கேளுங்க. பல வருசத்துக்கு முந்தி பழம் பறிக்கற ஆளுங்களோட கரடியூர் வழியா நடந்து போனோம். களத்துல சாமை குமிஞ்சு கெடந்துச்சு. ஒரு பிடி அள்ளி வாயில போடப் போனேன். அங்க இருந்த அம்மா என் மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டாங்க. "ஏனுங்க, இன்னும் சாமிக்கு வெக்கலீங்க. வெச்சுட்டா நீங்க மொறத்தோட அள்ளிக்கங்க"ன்னாங்க. கருமி, சாக்குச் சொல்றான்னு நெனச்சேன். அவங்க சொன்னது சாக்கு இல்லீங்க. முதல் பிடி ஏத்துக்கப்பட்டாத்தான் மொத்தக் களமும் நம்மளுது.

அப்ப யோசிச்சேன். ஊர்க் குத்தத்தைச் சுமந்தேன்னு ஒருத்தர் செத்தாரு. செத்தது செத்ததாவே கெடந்திருந்தா, அவரு சுமந்தது தீந்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? பாரம் அவரை அமுக்கிக் கொன்னுருச்சுன்னுதான் நான் சொல்லியிருப்பேன். அந்த முதல் கதிரைத் தூக்கற நாள்லயே எந்திரிச்சாருன்னா, மேல ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். அப்படின்னா நீங்க கடைசியா எழுதி, அவரு கையில குடுத்துட்டுப் போனீங்களே, என் சத்தியத்தோட குத்தம், அதுவும் தீந்துச்சுன்னுதானே அர்த்தம்? தீந்துச்சுங்களா?

இதை இப்ப நான் முடிவு பண்ணியே ஆகோணுங்க. ஏன்னா ரோசிக்கு இது ஏழாம் மாசம். இந்தத் தடவை தங்கிருச்சு. தலைப்பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குக் கூட்டியாரோணும். அவளோ அம்மா ஊட்டுப் படி மிதிக்கக் கூடாது.

இன்னைக்குச் சனிக்கெழம. நேத்து பெரிய வெள்ளி, நாளைக்கு உயிர்த்தெழுந்த பண்டிகை. காலையில மொத பஸ்ஸுக்கே கரடியூர் போனேன். உங்க பரீட்சைத் தாளை மடிச்சு ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிட்டேன். கால் ஒவ்வொண்ணும் திரும்பு திரும்புங்குது. மாதேசன் வாசல்ல மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்கத்தை"ன்னாரு. அவ்வளவுதான். உள்ள போயி அவளை அனுப்புனாரு. நல்ல பையனுங்க. நான் நெனச்ச மாதிரி இல்ல.

ரோசி வெளிய வந்தா. வயித்து மேல ரெண்டு கையும் வெச்சு மூடிக்கிட்டா, என் கண்ணுல படாம. பெத்தவளுக்கு அதைவிட வேற தண்டனை வேணுங்களா?

"நாளைக்கு நம்ம ஊட்டுக்கு வா சாமி"ன்னேன்.

"சத்தியம்?"னா.

"அது செல்லாது. உங்கப்பா செல்லாதுன்னு சொல்லிட்டாரு. குத்தத்தை அவரே ஏத்துக்கிட்டாரு."

"நீங்களாச் சொல்றீங்க."

என்னை மாதிரியே இருக்கறா. ஒரு வார்த்தை நம்பல. தாளை எடுத்து நீட்டுனேன். நின்னபடியே படிச்சா. உங்க கோணக் கையெழுத்து மேல வெரலை வெச்சுத் தடவிக்கிட்டே படிச்சா. முடிச்சுட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பாத்தா பாருங்க, எனக்கு முன்னமே தெரிஞ்சு போச்சு என்ன கேக்கப் போறான்னு.

"அப்ப… அப்பா செத்தது இதனாலயாம்மா? எனக்காகவா செத்தாரு?"

மூணு மாசமா என் தொண்டையில நின்னுக்கிட்டு இருந்த சந்தேகம், அவ வாயில வந்துச்சு. இல்லைன்னு சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஆமான்னு சொன்னா அவ அதைச் சுமந்துக்கிட்டே பெத்தெடுப்பா. என் வாய் தானாத் தொறந்துச்சு.

"அதை அவரு எந்திரிச்சு வரும்போது அவருகிட்டயே கேட்டுக்கலாம் கண்ணு. நானும் கேக்கறதுக்கு நெறைய வெச்சிருக்கேன்"ன்னேன்.

நாலு மணி பஸ் வந்துரும்னு சொல்ற மாதிரி அவ்வளவு சாதாரணமாச் சொன்னேனுங்க. சொல்லிட்டு நானே தெகைச்சுப் போயி நின்னேன். இத்தனை வருசம் கோயில்ல பாடும்போது மனசு சும்மா இருக்கும்னேனே, இன்னைக்கு வாய்க்கு முந்தி மனசு சொல்லிருச்சு. ரோசி அழுதா. நானும் அழுதேன். அப்புறம் மூக்கைத் தொடச்சுக்கிட்டு, "நாளைக்குக் கோயில் முடிஞ்சு வரட்டுங்களா?"ன்னு கேட்டா. பெத்த ஊட்டுக்கு வர்றதுக்கு உத்தரவு கேக்கறா, பாருங்க.

ஊட்டுக்கு வந்து வாசப்படியைத் தண்ணி ஊத்திக் கழுவிட்டு, இதை எழுதறேன். பயம் சுத்தமாப் போயிருச்சுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. கொஞ்சம் இருக்குது. நாளைக்கு அவ காலைத் தூக்கி வெக்கற நேரத்துல என் நெஞ்சு அடிச்சுக்கத்தான் போவுது. இருந்தாலும் நான் படிக்கு வெளிய எறங்கி வந்து அவ கையைப் புடிச்சுக்குவேன். ரெண்டு பேரும் சேர்ந்தே மிதிப்போம். ஆடி பொறக்கறதுக்குள்ள இந்த ஊட்டுல ஒரு கொழந்தை அழுவற சத்தம் கேக்கும். அதுக்கு உங்களைப் பத்திச் சொல்லுவேன், செத்தவரைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்ல மாட்டேன்.

'சத்தியமா'ன்னு எழுத வந்துச்சுங்க. எழுதல. இனி எதுக்கும் சத்தியம் பண்றதில்லை. செய்யறேன்னு சொல்றேன், செய்வேன்.

இப்படிக்கு,
உங்க பொண்ணைப் பெத்த அம்மா